நாலு ஆளும் ஒரு ஸ்டார்ட்டரும்

பதுளை பஸ் நிலையத்துக்கு முன்னால், நடு வீதியில், என் அக்கா காரின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். காருக்கும் அவளுக்கும் நடுவில் எட்டரை மாத வயிறு இருந்தது.

"அக்கா, உள்ள ஏறுன்னு சொன்னேன்ல."

"நான் ஏறுனா வண்டிக்குப் பாரம். தள்ளவும் ஒரு ஆளு கொறையும். நீ பேசாம ஸ்டேரிங்கப் பிடி."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான் என்றாலும் கணக்கு எப்போதும் அக்காவுக்குத்தான் வரும்.

கிளினிக் முடிந்து திரும்பும் நேரம். ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், என்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. இன்னொரு முறை திருப்பினேன். இன்னொரு 'டக்'. பின்னால் மூன்று பஸ்கள் ஒரே குரலில் ஹார்ன் அடித்தன.

நடைபாதையில் என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் டியூஷன் பையோடு நின்றார்கள். நான் புவியியல் ஆசிரியன். முந்தின நாள்தான் சரிவுகளின் வகைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தேன். "குட் ஆப்டர்நூன் சேர்" என்றார்கள் மரியாதையாக. சரிவே இல்லாத இடத்தில் சேர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க அங்கேயே நின்றுவிட்டார்கள்.

வாழைப்பழம் விற்ற ஒரு பெண்தான் தீர்ப்புச் சொன்னார். "அந்தப் பிள்ளைய உள்ள ஒக்கார வச்சிட்டு, அந்த மனுசன எறக்கித் தள்ளச் சொல்லுங்க யாராச்சும்."

கண்டக்டர் ஒருவரும் இன்னும் நாலைந்து பேரும் வந்து தள்ளினார்கள். வண்டி பிடித்தது. அக்கா ஏறி உட்கார்ந்து, கசங்கிய கிளினிக் அட்டையை மடியில் வைத்துத் தேய்த்துச் சரி செய்தாள். பசறை வீதியில் திரும்பினோம். பிறகு கேட்டாள்.

"பிள்ளை வர்ற அன்னைக்கும் இப்பிடித்தானாடா?"

நாள் குறித்ததற்கு இன்னும் மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், இருந்தது.

தள்ளத் தெரிந்தவர்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எட்டு வீடுகள். அந்த எட்டு வீட்டுக்கும் இதுதான் முதல் கார். அக்காவின் கணவர், கொழும்பில் புடவைக் கடையில் நிற்கும் என் மச்சான். அவரும் நானும் சேர்ந்து வாங்கினோம். என்னைவிட வயது கூடிய ஜப்பான் கார். வாங்கிய இரண்டாம் கிழமையே அதன் ஸ்டார்ட்டர் மௌனவிரதம் பூண்டது.

இதை ஒரு பழுது என்று லயத்தில் யாரும் நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம். எங்கள் வாசலே சரிவு. காரின் மூக்கு கீழே பார்க்க நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் கியரில் போட்டு, டயருக்கு அடியில் கல் வைக்க வேண்டும். காலையில் கல்லை எடுத்து, இரண்டாவது கியருக்கு மாற்றி, கிளட்ச்சை மிதித்துக்கொண்டால், பெரட்டுக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் ஒரு கை போடுவார்கள். பெரட்டு என்பது காலையில் வேலை பிரிக்கும் இடம். "போற வழிதானே சேர்" என்பார்கள். வண்டி உருளும், கிளட்ச்சை விடுவேன், பிடித்துக்கொள்ளும். சில நாட்களில் தள்ளுவதற்கு ஆள் கூடிப்போய்ச் சண்டை வந்தது.

எங்களை விடத் தள்ளத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. யார் யாரோ உட்கார்ந்து போனதையெல்லாம் நாங்கள்தான் தள்ளிவிட்டோம். உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கையசைத்ததுண்டு. அதை மறைக்கக் கூடாது.

(இரண்டு கிழமைக்கு முன், பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் எங்கள் லயத்துக் கூரையைப் பற்றி எழுதியிருந்தேன். "ஊர் மானத்த வாங்கிட்டான்" என்று அம்மாவிடம் முறைப்பாடு வந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றி எவரும் எவரிடமும் முறையிடவில்லை.)

தொரையின் ஜீப்பு

என் அப்பா சின்ன வயதில் தொரையின் ஜீப்பைத் தள்ளியவர். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தச் சொல் மட்டும் டிக்கெட் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டது.

காலையில் பெரட்டில் ஆள் பிரிப்பார்களாம். கொழுந்துக்கு இத்தனை பேர், புல்வெட்டுக்கு இத்தனை பேர், மருந்தடிக்க இத்தனை பேர், ஜீப்புக்கு நாலு பேர். தள்ளிவிட்டு மலைக்கு ஓட வேண்டும். தாமதமாக வந்ததற்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டும்.

"ஸ்டார்ட்டர மாத்தச் சொல்லி யாரும் கேக்கலையாப்பா?"

"எதுக்கு மாத்தணும்? நாங்கதான் நாலு ஆளு இருக்கோமே."

அப்பாவின் குரலில் இருந்தது பெருமைதான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பெருமைதான்.

ஒரு நாள் அந்த ஜீப்பைக் கியரில் போடாமல் விட்டிருக்கிறார்கள். அது தானாக உருண்டு தேயிலைக்குள் போய் நின்றுவிட்டது. ஓட்டியவர் தொரை. பழி தள்ளியவர்களுக்கு. ஒரு கிழமை அப்பாவுக்கு வேலை கொடுக்கவில்லை. அன்றிலிருந்து, நிற்கிற எந்த வாகனத்தையும் அவர் நம்புவதில்லை. எங்கள் கார்ப் பக்கம் போனால் கதவைத் திறந்து கியரைத் தொட்டுப் பார்ப்பார். டயருக்கு அடியில் இருக்கும் கல்லைக் காலால் உதைத்து இறுக்குவார். கோயிலைக் கடக்கிறவர் கன்னத்தில் போட்டுக்கொள்வது போல, அது ஒரு பழக்கம்.

இதை நீங்கள் மறக்காமல் வைத்திருங்கள். நான் மறந்துவிட்டேன்.

லொறி வந்தது

நாங்கள் கார் வாங்கியது சவாரி போக அல்ல. அக்காவுக்கு இது இரண்டாவது பிள்ளை.

முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது மழை. மழை பெய்தால் எங்கள் பாதையில் ஆட்டோ ஏறாது. ஆட்டோக்காரர்களின் போனும் ஏறாது. தோட்டத்து லொறிதான் ஒரே வழி. லொறிக்கு ஆபீசில் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். துண்டு எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். துண்டு கிடைத்தபோது லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. மூட்டையில் கிடந்தால் கொழுந்து சூடேறிப் பழுதாகிவிடும். ஆகவே அதை முதலில் ஸ்டோரில் இறக்கினார்கள். ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. பிறகு லொறி வந்தது. வந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைதான் அழவில்லை.

பிற்பாடு விசாரித்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. துண்டில் நேரம் கூடச் சரியாக எழுதியிருந்தது.

சேரின் வைத்தியம்

பஸ் நிலையத்துச் சம்பவத்துக்குப் பிறகு நான் பதுளையில் ஒரு பாஸிடம் போனேன். எங்கள் பக்கம் மெக்கானிக்குக்குப் பாஸ் என்று பெயர். அவர் பொனட்டைத் திறக்காமலே "பேட்டரி" என்றார். புதுப் பேட்டரி போட்டோம். 'டக்' முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

லயமும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு முத்தையா மாமா, பழைய கங்காணி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். எதிர்வீட்டு மேரி அக்கா ஒரு ஜெபமாலையைக் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டினார். ஆக, எங்கள் காரில் இரண்டு மதமும் இருந்தன. ஸ்டார்ட்டர் மட்டும் இல்லை.

அடுத்து, தட்டும் வைத்தியம். யாரோ சொன்னார்கள் என்று வீல் ஸ்பேனரால் ஸ்டார்ட்டரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். பிடித்தது. மூன்று நாள் தட்டத் தட்டப் பிடித்தது. நாலாம் நாள் தட்டியும் எழும்பவில்லை.

"ஆபீஸ்காரங்க மாதிரிதான்" என்றாள் அக்கா. "தட்டிக்கிட்டே இருக்கணும். அப்பறம் தட்டுனாலும் நடக்காது."

அதற்குப் பிறகுதான் படித்தவன் செய்ய வேண்டியதைச் செய்ய எனக்குப் புத்தி வந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் எங்களுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, இந்தியாவிலிருந்து ஒருவர் ஸ்டார்ட்டரைப் பற்றி நிதானமாகப் பேசும் வீடியோவை ஏழு முறை பார்த்துக் குறிப்பெடுத்தேன்.

அக்கா சாவியைத் திருப்பினாள். நான் பார்த்தேன். ஹெட்லைட் மங்கவில்லை, ஆகவே பேட்டரி நல்லது. ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயரில் மீட்டரை வைத்தேன். சாவியைத் திருப்பும்போதெல்லாம் முள் எழும்பியது. ஆகவே சாவியும் வயரும் நல்லவை. தடித்த வயரிலும் மின்சாரம் குறையாமல் வந்தது. தட்டினால் எழும்பியது என்பதால், உள்ளே தேய்ந்துபோன கார்பன் துண்டுகள்தான் குற்றவாளி.

"புரியிற மாதிரிச் சொல்லு" என்றாள் அக்கா.

"சாவி கேக்குது. பேட்டரி குடுக்குது. நடுவுல ஸ்டார்ட்டர் வாங்கி வச்சிக்கிட்டு 'டக்'குங்குது."

"இதுக்கா ஏழு தடவ வீடியோ பாத்த? கவர்மெண்டு நமக்குக் கட்டித் தர்றதாச் சொன்ன வீட்டுத் திட்டமும் அப்பிடித்தானே நடுவுல நிக்கிது."

நியூட்ரல்

பதுளையில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையில் ஒரு ஸ்டார்ட்டர் கிடைத்தது. கடைக்காரர் அதைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரி வயரைத் தொடுவித்துக் காட்டினார். பிடிபட்ட சேவல் மாதிரி அது செருப்புக்கு அடியில் துள்ளியது. எனக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை. லயமே வேடிக்கை பார்க்க வந்தது. முதலில் ஒரு விவாதம். சமதரையில் நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். எங்களிடம் இருக்கும் ஒரே சமதரை பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால்தான், தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். முத்தையா மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"சமதரைல வச்சுக் கழட்டிட்டு, திரும்ப வண்டி பிடிக்கலன்னா என்ன செய்வ? அங்கேர்ந்து எப்பிடி உருட்டுறது?"

"பிடிக்கத்தானே மாமா புது ஸ்டார்ட்டர் போடுறேன்."

"நீ படிச்சவந்தான், நான் இல்லேங்கல. ஆனா சரிவுல வச்சுக்கிட்டுப் படி."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்டார்ட்டர் பொருத்துவது, ஸ்டார்ட்டர் வேலை செய்யாது என்ற நம்பிக்கையோடு, சரிவிலேயே தொடங்கியது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழற்றினேன். அன்றைக்கு நான் தடுமாறாமல் செய்த ஒரே வேலை அதுதான். காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்ததும் ஸ்டார்ட்டர் தெரிந்தது. மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கீழ் போல்ட் கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியாது. முழங்கை வரை கிரீஸ். ஸ்பேனர் வழுக்கி, விரல் மூட்டுத் தோல் ரேடியேட்டரில் தங்கிவிட்டது.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கேட்டாள்: "ஜியாகிரபில இது எத்தனையாவது பாடம்?"

மத்தியானம் திரும்புகையில் பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. வயர்களைப் பூட்டினேன். பேட்டரியை இணைத்தேன். வீடியோக்காரர் கடைசியாக ஒரு வித்தை காட்டியிருந்தார். சாவி இல்லாமலே, ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளை ஒரு ஸ்க்ரூட்ரைவரால் இணைத்தால் அது சுற்றும். அதை லயத்துக்குக் காட்டாமல் விட எனக்கு மனமில்லை. வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும் என்பது அவருடைய எச்சரிக்கை. நானே என் கையால் நியூட்ரலில் போட்டேன், கல்லும் இருக்கிறது என்று உறுதி செய்தேன், பிறகு உள்ளே போய் நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து வந்தேன்.

அந்த இடைவெளியில் அப்பா கார்ப் பக்கமாகப் போனார்.

ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன். நீலமாக ஒரு பொறி பறந்தது. மூன்று மாதமாகத் தானாக ஓர் அங்குலம் நகராத அந்தக் கார், ஒரு கனைப்புக் கனைத்து, பின்பக்கமாக, மேட்டை நோக்கித் துள்ளிப் பாய்ந்தது. சாய்ந்து நின்ற நான் மண்ணில் முகங்குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, வண்டிக்குப் பின்னால் இருந்த குளியல் மறைப்புத் தகரம் மடங்கிக் கிடந்தது. உள்ளே முத்தையா மாமா, தலை முழுக்க சவுக்கார நுரையோடு, கையில் வாளியோடு நின்றார். வேலை முடிய நேரமாகும் என்று நினைத்துக் குளிக்கப் போயிருக்கிறார்.

அவர் கண்ணைத் துடைத்து, காரைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் ஆயிருச்சு போலருக்கே, தம்பி."

அப்பா ஓடி வந்தார். முகத்தில் கடமையைச் செய்தவரின் நிம்மதி. "வண்டி சும்மா கெடந்துச்சு தம்பி. நாந்தான் ரிவர்ஸ்ல போட்டு வச்சேன். இல்லாட்டி எங்க போயிருக்குமோ."

எனக்கு ஏச வாய் வரவில்லை. ஒரு கிழமை வேலையைப் பறித்து ஒரு தொரை சொல்லிக்கொடுத்த பாடத்தை, ஏழு தடவை பார்த்த வீடியோ எப்படி வெல்லும்?

நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பினேன். பிடித்தது. ஒரே திருப்பு. யாரும் கைதட்டவில்லை. சொல்லப்போனால் எல்லோர் முகமும் கொஞ்சம் தொங்கிவிட்டது. மறுநாள் காலையில் நான் என்ஜினைப் போட்ட பிறகும் ஆறு பேர் வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

கொழுந்து லொறிக்கு வழி

வலி எடுத்தது வேலை நாளில். பாடசாலை விட்டு வந்து நான் சோற்றில் கை வைத்த நேரம். மழை. அம்மா உட்பட எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் தள்ளச் சண்டை போட்ட லயத்தில் அன்றைக்குப் பார்த்து ஓர் ஆள் இல்லை. முத்தையா மாமாகூடக் கடைக்குப் போயிருந்தார். வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட அப்பா மட்டும்தான்.

அக்காவைப் பின்னால் படுக்க வைத்தேன். அப்பா கல்லை எடுத்துவிட்டு, வழக்கப்படி காரின் முதுகில் கை வைத்து நின்றார். நான் சாவியைத் திருப்பினேன், வண்டி பிடித்தது.

"ஏறுங்கப்பா."

"நீ போ தம்பி. நான் பின்னாலயே ஓடி வாறேன். நடுவுல நின்னுட்டா தள்ளணும்ல."

"ஏறுங்கப்பா" என்றேன், இந்த முறை வாத்தியார் குரலில். ஏறினார். கதவை முழுக்கச் சாத்தாமல் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

பெரிய வீதிக்கு ஏறும் கடைசி ஏற்றத்தில் எதிரே தோட்டத்து லொறி வந்தது. அதே லொறி. கொழுந்து மூட்டைகள் மேலே. வழி ஒன்றுதான். அது ஹார்ன் அடித்தது. நான் ஓரத்தில் ஒதுங்கினேன். பதற்றத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டேன். என்ஜின் அணைந்தது.

ஏற்றம், சேறு, மழை. அப்பாவின் ஒரு கால் ஏற்கெனவே வெளியே.

பின்னாலிருந்து அக்காவின் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "அது போகட்டும் விடு. அதுக்கு எப்பவும் அவசரம்."

லொறி எங்களை உரசிக்கொண்டு போனது. பச்சைக் கொழுந்தின் வாசம் கொஞ்ச நேரம் காருக்குள் நின்றது. நான் சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது.

அப்பா வெளியே இருந்த காலை மெதுவாக உள்ளே எடுத்தார். கதவை, அன்றைக்கு முதல் தடவையாக, முழுக்கச் சாத்தினார்.

பதுளை ஆஸ்பத்திரி வாசல் சமதரை. வண்டியை நிறுத்தினேன். பழைய பயத்தில் என்ஜினை அணைக்கவில்லை. அப்பா இறங்கித் தள்ளுவண்டி கேட்டு உள்ளே ஓடினார். காவலாளி சிங்களத்தில் ஏதோ கத்தினார். நான் பின்கதவைத் திறந்தேன். அக்கா அசையவில்லை.

"ஆஃப் பண்ணு."

"எறங்குக்கா மொதல்ல."

"ஆஃப் பண்ணுடா."

அணைத்தேன். அவ்வளவு மழைச் சத்தம் அதுவரை எங்கே இருந்ததோ தெரியவில்லை.

"இப்ப போடு."

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். காவலாளியும் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"சரி. பிள்ளையோட வர்றப்ப நான் தள்ள மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

நாலாம் நாள் மகளோடு வந்தாள். தள்ளவில்லை.